தமுவின் ரூல்தடி

தெம்னாத் ஊரில் எல்லோரும் மரியாதையாக 'லல்லா' என்று கூப்பிடும் தமுவின் வகுப்பைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அவள் குரல் கேட்காது. ரூல்தடிதான் கேட்கும். மேசைமேல் ஒரு தட்டு விழுந்தால் பிள்ளைகள் கணக்கைச் சிலேட்டில் போட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு. எல்லோரும் சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். மொரோக்கோவில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் பழக்கம், இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் என்னவென்றால், தமுவின் வகுப்பில் தூக்குகிற சிலேட்டுகள் அத்தனையும் சரியாக இருக்கும். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போய் அங்கே இருக்கிற ஆசிரியரைப் பிடித்துக் காய்ச்சுவார். அந்தச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்போது தமுவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஏன் இருக்கக் கூடாது? உழைத்தவள்தானே.

இளம் வயதில் அவளுக்கு முதல் வேலை கிடைத்தது மலைமேல், கோவேறு கழுதையில் ஏறிப் போக வேண்டிய ஒரு கிராமத்தில். ஒரே அறை. ஆறு வகுப்புப் பிள்ளைகளும் அதற்குள்தான். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பாடமே ஓடாது. பனி விழுந்து வழி அடைபட்ட நாட்களில் ராத்திரி கம்பளிக்குள் சுருண்டு கிடந்து அழுதிருக்கிறாள். ஆனால் பகலில் அந்த அறை தேன்கூடு மாதிரி இரைந்துகொண்டிருக்கும். அங்கிருந்து இறங்கி ஊருக்கு மாற்றலாகி வந்தபோது அவள் கொண்டுவந்த சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான். பிள்ளைகளைக் கலந்து உட்கார வை, மற்றது தானாக நடக்கும்.

ஒவ்வொரு பெஞ்சிலும் கணக்கு வருகிற பிள்ளை ஒன்று, வராத பிள்ளை ஒன்று. மருந்துக் கடைக்காரர் தன் மகள் நுஹைலாவுக்காகச் சண்டை பிடிக்க வந்தார்.

"என்ன லல்லா தமு, எம்பொண்ணு வகுப்புல முதல். அவளைக் கொண்டுபோய் அந்த வண்டிக்காரர் மக பக்கத்துல உக்கார வெச்சிருக்கீங்களே?"

"உங்க வீட்டுல ரொட்டிய வெறும் ரொட்டியாத்தான் திங்கறீங்களா?" என்றாள் தமு.

"அதெப்படி? எண்ணெயில தொட்டுத்தான்."

"எண்ணெய மட்டும் எடுத்துக் குடிப்பீங்களா?"

"மாட்டோம்."

"அப்ப சரி. போயிட்டு வாங்க."

அவர் வாசல் தாண்டிய பிறகுதான் தான் ஏமாந்ததை உணர்ந்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'ரொட்டியும் எண்ணெயும்' என்று பெயரே விழுந்துவிட்டது. மெதுவான பிள்ளைகளுக்காக முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் மற்ற ஆசிரியர்களைவிட அவள் அதிக நேரம் விடுவாள். பாவம், யோசிக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வகுப்பிலிருந்து தமுவே கூட்டிவந்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு ஏறிய அந்த வருஷம், பள்ளி திறந்த கையோடு மேலிடத்து உத்தரவு வந்தது. முதல் சில வாரம் காலை வேளைகளில் வகுப்பு வாரியாகக் கணக்குப் பாடம் கிடையாது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியாகச் சோதித்து, யாருக்கு எது வருகிறதோ அதன்படி குழு பிரிக்க வேண்டும். வயது பார்க்கக் கூடாது. மத்தியானம் அவரவர் பழைய வகுப்பு.

"மேய்ச்சலுக்கு விடற ஆடு மாதிரி கறுப்பு தனி, வெள்ளை தனியா?" என்று தமு தலைமையாசிரியர் ஜிலாலியின் அறையில் பொரிந்து தள்ளினாள்.

"நானா உத்தரவு போட்டேன், லல்லா?" என்றார் அவர். அவருடைய வழக்கமான பதில் அது. எதைக் கேட்டாலும் அதுதான்.

சோதனை செய்யும் வேலை அனுவாருக்குப் போயிற்று. வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம்தான் ஆகிறது. இப்படிப்பட்ட வேலையெல்லாம் புதிசாக வந்தவன் தலையில்தான் விழும். நடைவழியின் கோடியில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டான். சாயங்காலம் தயங்கித் தயங்கி தமுவிடம் வந்து நின்றான்.

"லல்லா தமு, உங்க ஆறாம் வகுப்பு இத்தோ இருக்காளே, அந்த வண்டிக்காரர் மக. அவளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கவே தெரியல."

"உனக்குக் கேக்கத் தெரியல."

"அம்பத்திரண்டுல இருபத்தேழு போனா எவ்வளவுன்னு கேட்டேன். முப்பத்தஞ்சுன்னு எழுதினா. பெருசுலேர்ந்து சின்னதைக் கழிச்சிருக்கா, எது மேல எது கீழன்னு பாக்காம."

"பயந்திருப்பா. உன் மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் பயம் வராது."

அனுவார் சிரிக்கவில்லை. "எழுதறதுக்கு முன்னாடி இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்தா, லல்லா. அங்க சுவருதான் இருந்துச்சு," என்றான்.

இத்தோவுக்கு இடது பக்கத்தில் உட்காருகிறவள் நுஹைலா. தமு கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் யாரோ சலாம் சொன்னதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை, அது அவள் குணமே இல்லை.

மறுநாள் குழுக்களை ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சர்வீஸில் மூத்தவருக்கு. எல்லாருக்கும் மூத்தவள் தமு. மேல் குழு, நல்ல வெளிச்சமுள்ள அறை, அவள் வாய் திறக்கும் முன்பே அவள் பெயருக்குப் போயிற்று. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழக்கம். கடைசியில் மிஞ்சியது கீழ்க் குழுவும், கழிப்பறைக்குப் பக்கத்து அறையும், அனுவாரும்.

அந்த அறையில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், பதின்மூன்று வயது இத்தோ முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தாள். பக்கத்து வரிசையிலேயே அவள் தம்பி மோஹா. அவன் வாய் ஓட்டை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அறிவித்தான்: "அப்பா, இத்தோவும் நானும் இப்ப ஒரே வகுப்பு."

அடுத்த நாள் இத்தோ வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மோஹாவைப் பிடித்துக் கேட்டபோது, "காஸாபிளாங்காவுல அத்தை வீட்டுக்குப் போகப் போறா. அத்தைக்குக் குழந்தை பிறந்திருக்குல்ல, பாத்திரம் கழுவ ஆள் வேணுமாம்," என்றான், ரொட்டியை மென்றுகொண்டே.

அப்படிப் போன பெண்கள் திரும்பி வந்ததைத் தமு பார்த்ததில்லை. கல்யாணத்துக்குத்தான் வருவார்கள்.

"சட்டப்படி தப்பு, லல்லா. புகார் குடுத்துடலாம்," என்றான் அனுவார்.

"குடுக்கலாம். போலீஸ் கொண்டாந்து பெஞ்சுல உக்கார வைக்கும். அப்புறம் அவ மனசை யாரு கொண்டாந்து உக்கார வைப்பா, என் மகனே? கொஞ்சம் பொறு."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, மத்தியானக் கூஸ்கூஸ் சாப்பாட்டின் ஆவி அடங்கும் நேரத்தில் அவள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். இத்தோவின் அப்பா ஹத்து, மரியாதைக்கு ஸி ஹத்து, மூன்று சக்கர மோட்டார் வண்டியில் சந்தைச் சரக்கு ஏற்றுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. விருந்தாளியை உட்கார வைத்து, புதினாத் தேநீரை உயரத்திலிருந்து நுரை கட்ட ஊற்றிக் கையில் கொடுத்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"லல்லா தமு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சந்தையில உங்களைப் பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் கேக்கறேன், எம்பொண்ணு எப்படின்னு. என்ன சொல்லுவீங்க?"

தமு தேநீர்க் கிளாஸைப் பார்த்தாள்.

"நல்லாப் போடறா, எல்லாம் சரியாப் போடறான்னு சொல்லுவீங்க. நானும் நாலு பேரு கிட்ட பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப என்னடான்னா மோஹாவும் அவளும் ஒண்ணு. இத்தனை வருஷம் எதுக்கு அனுப்பினேன்? போகட்டும் விடுங்க. எங்க அக்கா நல்லாப் பாத்துப்பா. ரெண்டு வாரத்துல வந்துடணும்னு சொல்லியிருக்கா."

"எனக்குத் தெரியாம நடந்துபோச்சு, ஸி ஹத்து," என்றாள் தமு. சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

சமையலறை வாசலில் இத்தோ நின்றுகொண்டிருந்தாள். சமையல் வேலைக்கு ஒரு துண்டை இடுப்பில் கட்டியிருந்தாள். தமு அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நெசத்தைச் சொல்லு, பொண்ணே. எப்பலேர்ந்து?"

இத்தோ தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எப்பவுமேதான், உஸ்தாதா. நீங்க மொத தட்டு தட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிடுவீங்க. நிறைய நேரம் குடுப்பீங்க. அதுக்குள்ள நுஹைலா சிலேட்டைப் பாத்து எழுதிடுவேன். நான் மட்டும் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தப்பாத் தூக்கினா உங்க முகம் வாடிப் போயிடும். அதைப் பாக்கப் பிடிக்காது."

தமுவுக்குச் சுருக்கென்றது. இரக்கப்பட்டு அவள் விட்ட நேரம் முழுக்க, பிள்ளைகள் அவள்மேல் இரக்கப்பட்டுக் காப்பி அடித்திருக்கிறார்கள். மலைமேல் அந்த ஒற்றை அறையில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே ரூல்தடியும் இல்லை, அதிகாரியும் இல்லை. இங்கே அவள் சொல்லிக் கொடுக்கவா வைத்திருந்தாள், சரியான சிலேட்டைத் தூக்கவா? அவளுக்கு அழுகை வந்தது. அடுத்தவர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழ வேண்டாமே என்று தேநீரைக் குடித்து அதை விழுங்கினாள்.

"அந்த ரெண்டு வாரம் அவ வீட்டுல சும்மாதானே இருப்பா? பள்ளிக்கூடம் வரட்டும், ஸி ஹத்து."

"வரட்டும். ஆனா மோஹாவோட உக்கார வைக்காதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

"அதை மட்டும் கேக்காதீங்க. அவளுக்குத் தெரியாதது அங்கதான் நடக்குது. ஆனா நானும் அங்கதான் இருப்பேன்."

ஹத்து கையை விரித்தார். இத்தோவின் அம்மா காலிக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு, "ரெண்டு வாரம்னா ரெண்டு வாரம். போயிட்டு வா," என்றாள் மகளிடம்.

சனிக்கிழமை ஆசிரியர் அறையில் தமு தனக்குக் கீழ்க் குழு வேண்டும் என்றதும் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மூத்தவள் மேலே இருப்பதை விட்டுக் கீழே கேட்பது எங்கள் ஊர் கேள்விப்படாத சங்கதி. பென்ஷனுக்கு முன்னாடி புண்ணியம் சேர்க்கிறாள் என்றார் ஒருவர். தண்டனையாக இருக்கும் என்றார் இன்னொருவர். ஜிலாலி, "நானா உத்தரவு போட்டேன்?" என்று சொல்ல வாயெடுத்து, தன் தலையில் எதுவும் விழாது என்று தெரிந்ததும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அனுவாருக்கு மேல் குழு கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. அதுவும் ஒரு நாளைக்குத்தான். இரண்டாம் நாள் நுஹைலா அவனிடம் அழுதாள். அங்கே எல்லாரும் நுஹைலாக்கள். யாரும் அவள் சிலேட்டைப் பார்க்கவில்லை.

கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் தமு முதல் வேலையாகப் பிள்ளைகளின் பைகளை எடுத்துப் பெஞ்சு நடுவில் மதில் மாதிரி நிறுத்தி வைத்தாள். பிறகு ஒரு தட்டு. ஜன்னலைப் பார்க்கவில்லை. இரண்டாவது தட்டு.

தூக்கிய சிலேட்டுகளில் கண்டதெல்லாம் இருந்தது. ஒருவன் ஆட்டுப் படம் போட்டிருந்தான். இத்தோ தூக்கவே இல்லை. சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத்தோ, தூக்கு."

"ஒண்ணும் எழுதல, உஸ்தாதா."

"ஒண்ணும் எழுதாததையே தூக்கு."

முன்னால் இருந்த சின்னவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மோஹாவும்தான். அவள் காது வரை சிவந்து, வெற்றுச் சிலேட்டைத் தூக்கினாள். தமுவின் வகுப்பில் அப்படி ஒன்று அதுவரை உயர்ந்ததில்லை. தன் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"நல்லது. இப்பத்தான் எங்க ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியுது," என்றாள்.

பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட நாணல் குச்சிக் கட்டுகளைத் தரையில் கொட்டினாள். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இரண்டு குச்சியிலிருந்து ஏழு குச்சி எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரி, கட்டில் ஒன்று குறைந்தது, குச்சியில் பத்து கூடியது. இத்தோ கட்டைப் பிரித்தாள், மறுபடி கட்டினாள், மறுபடி பிரித்தாள். "இவ்வளவுதானா?" என்று ஒரு நாள் கோபமாகக் கேட்டாள். இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லையே என்கிற கோபம். தமுவுக்கு அது புரிந்தது. பதிலுக்கு இன்னொரு கணக்கைக் கொடுத்தாள்.

மத்தியானங்களில் பழைய வகுப்பில் ரொட்டியும் எண்ணெயும் பழையபடிதான். ஆனால் சிலேட்டுக் கணக்கென்றால் நடுவில் பை நிற்கும். இரண்டாவது தட்டுக்கு அப்புறம்தான் பையை எடுத்துவிட்டுப் பேசலாம். ஒரு தடவை இத்தோ நுஹைலாவிடம், "பூஜ்யம் எப்படிடி ஒன்பதாச்சு?" என்று கேட்டாள்.

"அப்படித்தான்டி ஆகும்."

"ஏன் ஆகும்?"

நுஹைலாவுக்கு விடை சரியாக வரும். ஏன் வருகிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை. குச்சிகளைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து பிரித்துப் பார்த்தார்கள். கலந்து உட்கார வைப்பதில் தப்பில்லை, கலந்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் தப்பு என்று தமு அன்றைக்கு வீட்டில் தன் புருஷனிடம் சொன்னாள். அவர் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார், ஆமாம் என்றார்.

கெட்ட நேரம், இரண்டு வாரம் முடிகிற சமயம் நடந்த மறுசோதனையில் மோஹா அடுத்த குழுவுக்கு ஏறிவிட்டான். இத்தோ ஏறவில்லை. அவனுக்கு வயது எட்டு, மறக்க வேண்டியது குறைவு. ஆனால் இதை ஹத்துவிடம் போய் யார் சொல்வது? மோஹா சொன்னான். சாப்பாட்டு நேரத்தில்தான்.

மறுநாள் காலை பாதிப் பாடத்தில் வாசலில் மோட்டார் வண்டிச் சத்தம் நின்றது. ஹத்து அறை வாசலில் வந்து நின்றார். வண்டியின் பின்தட்டில் இத்தோவின் துணி மூட்டை தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க, லல்லா தமு. பஸ் நேரமாச்சு."

இத்தோ எழுந்து நின்றாள். இரண்டு வாரம் என்று ஒப்புக்கொண்டது தமுதான். வாக்கு மாற முடியாது.

"ஒரு கணக்கு. முடிச்சிட்டுப் போகட்டும்," என்றாள்.

"சீக்கிரம்."

கரும்பலகையில் நானூற்றிரண்டிலிருந்து நூற்று முப்பத்தேழைக் கழி என்று எழுதினாள். சுலபமானதைக் கொடுத்திருக்கலாம். அந்த நிமிஷம் அது அவள் மனதில் வந்தது, ஆனால் சரியான சிலேட்டுகளால்தானே இவ்வளவும் வந்தது என்று கையை ஓட விட்டாள். ஒரு தட்டு. பைகள் நடுவில் நின்றன. ஹத்து கைபேசியை எடுத்து அதில் கணக்கைத் தட்டினார். இரண்டாவது தட்டு.

இத்தோவின் சிலேட்டில் 275 இருந்தது.

"போன்ல இருநூத்தி அறுபத்தஞ்சுன்னு வருது," என்றார் ஹத்து. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். "பாத்தீங்களா, லல்லா."

"தப்புன்னு தெரியுது அப்பா, இருங்க," என்றாள் இத்தோ.

அப்பாவிடம் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்து, சிலேட்டை அழிக்காமல் விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டாள். "நூறு ஒண்ணைப் பிரிச்சேன், நடுவுல பத்துக் கட்டு ஆச்சு. அதுல ஒரு கட்டை ரெண்டுக்குக் குடுத்தேன். குடுத்த அப்புறம் ஒன்பதுதானே இருக்கணும்? நான் பத்தாவே விட்டுட்டேன்." சட்டைக் கையால் நடு எண்ணை மட்டும் துடைத்தாள்.

ஹத்து உள்ளே வந்தார். மகளுக்குப் பக்கத்தில், பைக்கு அந்தப் புறம், மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்த பொடியனின் சிலேட்டை எட்டிப் பார்த்தார். அதில் 335 இருந்தது. மகள் சிலேட்டை மறுபடி பார்த்தார். முன்னால், பின்னால், எங்கேயும் பார்த்து எழுதும்படி ஒரு சிலேட்டும் அந்த அறையில் இல்லை. ஏழு இருந்த இடத்தில் இத்தோ ஆறு என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் கைபேசி அடித்தது. அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "ஏறிட்டாளா? பஸ் கிளம்பியாச்சா?"

"அவ வரல அக்கா. பொண்ணுக்கு இங்க வேலை இருக்கு," என்றார் ஹத்து.

"அப்படி என்ன வேலை?"

"ஒரு கணக்கைத் தப்பாப் போட்டுட்டா. அவளே அதைச் சரி பண்ணிக்கிட்டிருக்கா."